முதல் ஊசிக்கு முன் ஒரு துளி ரத்தம்

நாய், பூனைகளுக்கு அடிக்கடி வரும் நோய்களைக் கண்டறிவதும் குணப்படுத்துவதும் குறித்துப் பேச இக்கருத்தரங்கில் கூடியிருக்கிறோம்.

சென்னை வேப்பேரியில் 1903இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்ட காலத்தில் உழவு மாடும் கறவை மாடும் குதிரையுமே இத்துறையின் கவனத்தை நிறைத்திருந்தன. இன்று நகரத்து மருத்துவமனைகளில் காலையிலிருந்தே வரிசையில் காத்திருப்பவை நாய்களும் பூனைகளும்தாம். மருந்துகள் பெருகிவிட்டன, ஸ்கேனும் ரத்தப் பரிசோதனைக் கருவிகளும் சிறு ஊர்களுக்கும் வந்துவிட்டன. ஆனால் மருத்துவம் செய்யும் முறை இந்த வளர்ச்சிக்கு ஈடாக மாறவில்லை என்பது என் துணிபு. காய்ச்சலுக்கு ஓர் ஊசி, வாந்திக்கு ஓர் ஊசி, அரிப்புக்கு ஓர் ஊசி என்று, நோய் இன்னதென்று தெரியும் முன்பே மருந்து உடலுக்குள் போய்விடுகிறது. மூன்று நாளாகியும் குணம் தெரியாதபோதுதான் பரிசோதனையை நினைக்கிறோம். அதற்குள் முதல் மருந்து நோயின் அடையாளங்களைக் கலைத்துவிடுகிறது. நான் இன்று வாதிட விரும்புவது ஒன்றே. ஆன்டிபயாடிக் ஆனாலும் ஸ்டீராய்டு ஆனாலும் முதல் ஊசி ஏறும் முன், அந்த விலங்கின் உடலிலிருந்து ஒரு சான்று நம் கைக்கு வந்திருக்க வேண்டும்.

இதற்கு முதல் ஆதாரத்தை நம் ஊரிலிருந்தே தருகிறேன். 1910ஆம் ஆண்டில் பேட்டன் என்ற ஆய்வாளர், மதராஸ் வேட்டைக் குழுவின் நாய்களுடைய ரத்தத்தில் அதுவரை அறியப்படாத ஓர் ஒட்டுண்ணியைக் கண்டு விவரித்தார். பிறகு அதே ஒட்டுண்ணியை நரியின் ரத்தத்திலும் கண்டார். இன்று பபேசியா கிப்சோனி என்று உலகம் முழுவதும் அழைக்கப்படும் கிருமி அதுதான். சாயமேற்றிய ரத்தப் பூச்சும் ஒரு நுண்ணோக்கியும் அந்தக் கண்டுபிடிப்புக்குப் போதுமானவையாக இருந்தன. நூறாண்டுக்கு மேல் கடந்தும் அதே நோய் இங்கே நாய்களை வாட்டுகிறது. உண்ணிக் காய்ச்சல் என்ற ஒரே பெயரில் அதையும் வேறு பல நோய்களையும் சேர்த்துக் கட்டிவிட்டு, ஒரே மருந்தை எல்லாவற்றுக்கும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் பெயருக்குள் எத்தனை நோய்கள் இருக்கின்றன என்று பாருங்கள். எர்லிக்கியா கேனிஸ் வெள்ளையணுக்களில் குடியேறும் பாக்டீரியா. டாக்சிசைக்ளினுக்குக் கட்டுப்படும், ஆனால் 28 நாள் விடாமல் கொடுக்க வேண்டும். பபேசியா சிவப்பணுக்களைச் சிதைக்கும் ஒட்டுண்ணி. அதில் பெரிய வகையான வோகெலி, இமிடோகார்ப் ஊசிக்கு அடங்கும். சிறிய வகையான கிப்சோனி அந்த ஊசிக்குச் சரியாக அடங்குவதில்லை; அடோவகுவோன், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்துத் தர வேண்டியிருக்கிறது. மூன்றாவதாக ஹெப்படோசூன் கேனிஸ். இது உண்ணி கடிப்பதால் வருவதில்லை, நாய் உண்ணியை விழுங்குவதால் வருகிறது. கிப்சோனி தாக்கிய நாய்க்கு டாக்சிசைக்ளின் மட்டும் கொடுத்து அனுப்பினால் ஈறு வெளுத்து, மண்ணீரல் வீங்கி, ரத்தசோகை முற்றிய நிலையில் அது திரும்பி வரும். எர்லிக்கியா உள்ள நாய்க்கு நான்கே நாளில் மாத்திரையை நிறுத்தினால், காய்ச்சல் விட்டதாகத் தோன்றினாலும் கிருமி உடலிலேயே தங்கும். மாதங்களோ ஆண்டுகளோ கழித்து எலும்பு மஜ்ஜையே செயலிழக்கும் கட்டத்துக்குச் சில நாய்கள் போகின்றன. அந்தக் கட்டத்தில் நம்மிடம் நல்ல மருந்து இல்லை.

இவற்றை வேறுபடுத்த என்ன வேண்டும்? காது மடலின் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளி ரத்தத்தை ஸ்லைடில் மெல்லியதாக இழுத்து, உலர்த்தி, ஜீம்சா சாயமேற்றி, எண்ணெய் வில்லையின் கீழ் பார்க்க வேண்டும். சிவப்பணுவுக்குள் ஒட்டுண்ணிகள் பேரிக்காய் வடிவில் இணையிணையாகக் கிடந்தால் பெரிய பபேசியா. சிறு வளையங்களாக இருந்தால் கிப்சோனி என்று ஐயுறலாம். அதே ஸ்லைடில் தட்டணுக்களையும் எண்ணிவிடலாம். ஒரு பார்வைப் புலத்தில் தெரியும் ஒவ்வொரு தட்டணுவும் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 15,000 தட்டணுக்களைக் குறிக்கும். பல புலங்களைப் பார்த்தும் இரண்டு மூன்றுக்கு மேல் தென்படாவிட்டால் அந்த நாய்க்கு எப்போது வேண்டுமானாலும் ரத்தம் கசியலாம். இச்சோதனையின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். பூச்சில் எர்லிக்கியா அரிதாகவே சிக்கும். கிருமி தென்படவில்லை என்பதால் நோய் இல்லை என்றாகிவிடாது. உடனடி ஆன்டிபாடி கிட் நேர்மறை காட்டினாலும், அது கிருமியோடு எப்போதோ ஏற்பட்ட தொடர்பைத்தான் காட்டுகிறது. குணமான நாயிலும் பல மாதம் அப்படியே காட்டும். ஆகவே பூச்சு, தட்டணு எண்ணிக்கை, நோய்க்குறிகள், தேவைப்படும் இடத்தில் பிசிஆர் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து எடைபோடும் அறிவுதான் நோயறிதல்.

தோல் நோயிலும் இதே கதைதான். முடி கொட்டி, தோல் சிவந்து வரும் நாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் மறுநாளே அரிப்பு அடங்கும், உரிமையாளரும் மகிழ்வார். ஆனால் அது டெமோடெக்ஸ் சிலந்திப்பேன் நோயாக இருந்தால், எந்தத் தடுப்பாற்றல் அந்தப் பேனை அடக்கி வைத்திருந்ததோ அதையே நாம் அமுக்கிவிடுகிறோம். ஒன்றிரண்டு இடங்களில் இருந்த சொட்டை உடல் முழுவதும் பரவிச் சீழ் பிடிக்கிறது. தோலை மடித்துப் பிதுக்கி, மழுங்கிய பிளேடால் ரத்தம் லேசாகத் துளிர்க்கும் வரை சுரண்டி, லிக்விட் பாரஃபினில் வைத்துப் பார்த்தால் நீண்ட உடலும் குட்டைக் கால்களுமாக அந்தப் பேன் தென்படும். இன்று ஐசாக்சசோலின் வகை மாத்திரைகள் இந்த நோயின் போக்கையே மாற்றிவிட்டன. நோய் இன்னதென்று அறிந்தவர்க்குத்தான் அந்த மருந்து பயன்படும். அதே சொட்டை படர்தாமரைப் பூஞ்சையாக இருந்தால் வீட்டுக் குழந்தைகளுக்கும் தொற்றும் என்ற எச்சரிக்கை வேண்டும். சொறிப்பேனாக இருந்தால் வீட்டிலுள்ள மற்ற நாய்களுக்கும் சேர்த்தே மருத்துவம் வேண்டும்.

பூனைக்கு வந்தால் இந்த வாதம் இன்னும் கூர்மையாகிறது. பூனை தன் நோயை மறைக்கும் விலங்கு. நாய்க்குக் கற்ற மருத்துவத்தை அளவைக் குறைத்துப் பூனைக்குச் செய்துவிட முடியாது. காய்ச்சலுக்கென்று வீட்டிலேயே கொடுக்கப்படும் பாரசிட்டமால் இதற்குத் தக்க சான்று. அம்மருந்தைப் பக்குவப்படுத்தி வெளியேற்றும் நொதிச் செயல் பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. அதனால் அதன் நச்சு சிவப்பணுக்களைத் தாக்கி, ஈறு பழுப்பு நிறமாகி, மூச்சு முட்டுகிறது; ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். மலச்சிக்கல் என்று சொல்லிக் கொண்டுவரப்படும் ஆண் பூனையையும் நினைத்துப் பாருங்கள். மண் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறது என்பார்கள். அதன் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தால் மூத்திரப்பை கெட்டியாகத் திரண்டிருக்கும். சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கிறது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிக்கொண்டிருக்கிறது. அடைப்பை நீக்காவிட்டால் இரண்டு மூன்று நாளில் இதயம் நின்றுவிடும். அங்கே உயிர் காக்கும் சோதனைக்கு மருத்துவரின் விரல்கள் மட்டுமே வேண்டும், செலவு ஒன்றும் இல்லை. தொடாமல் பேதி மருந்து எழுதினால் அந்தப் பூனையை இழந்துவிடுவோம்.

எஃப்.ஐ.பி. என்னும் பூனைகளின் தொற்று வயிற்றுறை அழற்சி, அண்மைக் காலம் வரை மரண ஓலையாகவே இருந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நீல்ஸ் பெடர்சன் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஜிஎஸ்-441524 என்ற மருந்து கொடுக்கப்பட்ட 31 பூனைகளில் 25 நீண்டகாலம் பிழைத்தன. மருந்தில்லாத நோய்க்குப் பெயர் தெரிந்து என்ன பயன் என்று முன்பு கேட்க முடிந்தது. இனி அப்படிக் கேட்க வழியில்லை. வயிற்றில் கோத்திருக்கும் நீர் இந்நோயால் வந்ததா என்று அறியும் முதல் படி மிக எளியது. காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு அசிட்டிக் அமிலம் கலந்து, அதன் மேல் வயிற்று நீரில் ஒரு சொட்டு விட வேண்டும். சொட்டு கரைந்து மறைந்தால் எஃப்.ஐ.பி.க்கு வாய்ப்புக் குறைவு. வடிவம் குலையாமல் தொங்கினால் மேலும் ஆராய வேண்டும். ரிவால்டா சோதனை என்னும் இதை எந்தச் சிற்றூர் மருத்துவமனையிலும் செய்யலாம்.

நோயறிதல் தவறும்போது விலங்கோடு மனிதரும் சேர்ந்து இழக்கிறார்கள். மழைக்குப் பின் மஞ்சள் காமாலையோடு வரும் நாய்க்கு எலிக்காய்ச்சலா என்று ஐயம் எழும். ரத்தம் எடுக்காமல் முதலில் ஆன்டிபயாடிக் போட்டுவிட்டால், பிறகு செய்யும் பிசிஆர் வெறுமையாகத் திரும்ப நேரும். அந்த நாயைக் கையாளும் குடும்பம் எச்சரிக்கப்படாமலே போகும். ரேபிஸால் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இறப்பதாக மதிப்பிடுகிறார்கள். அந்த மதிப்பீட்டின்படி அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இந்தியர்கள். வெறிகொண்டு ஓடும் நாயை எவரும் அடையாளம் காண்பர். பக்கவாத வகையில் நாய் சாதுவாக, தாடை தொங்க, எச்சில் வழிய வந்து நிற்கும். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று எண்ணி வாய்க்குள் கைவிடுவதே அங்கே பேராபத்து. உயிருள்ள நாயில் ரேபிஸை உறுதிசெய்ய நம்பத்தக்க சோதனை இல்லாததால், கடி பட்டதா, தடுப்பூசி உண்டா, நடத்தை எப்போது மாறியது என்ற கேள்விகள்தாம் நமக்குச் சான்று. கேட்காமல் தொடும் கை தன் உயிரையே பணயம் வைக்கிறது.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றை நான் அறிவேன். உரிமையாளரிடம் பணமில்லை என்பது முதலாவது. இது மெய்யான தடை. ஆனால் நான் கேட்கும் ஸ்லைடும் சாயமும் வீணாகும் ஓர் ஆன்டிபயாடிக் ஊசியைவிட மலிவானவை. தவறான மருந்தை மூன்று முறை வாங்கும் ஏழை, சரியான மருந்தை ஒருமுறை வாங்குபவரைவிட அதிகம் செலவழிக்கிறார். சாகக் கிடக்கும் குட்டி சோதனைக்காகக் காத்திருக்குமா என்பது இரண்டாவது. காத்திருக்க வேண்டியதில்லை. பார்வோ தாக்கிய குட்டியை முதலில் கொல்வது நீரிழப்பு. அதற்கு உடனே டிரிப் ஏற்றியாக வேண்டும். அந்த டிரிப்புக்காக நரம்பில் செருகும் கேனுலாவிலிருந்தே, குழாயை இணைக்கும் முன் ஒரு மில்லி ரத்தம் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு அரை நிமிடம் ஆகும். வெள்ளையணு சரிந்திருக்கிறதா, கொக்கிப்புழுவால் வந்த ரத்தசோகையா என்ற விடை பிறகு வந்தால் போதும்.

சோதனை என்ற பெயரில் வணிகம் பெருகிவிடும் என்பது மூன்றாவது. இது மிக நியாயமான அச்சம். எல்லாச் சோதனையையும் எல்லா விலங்குக்கும் எழுதுவது நோயறிதல் ஆகாது. விடை இப்படி வந்தால் என் மருத்துவம் மாறுமா என்று கேட்டு, மாறாது என்றால் அந்தச் சோதனையை விட்டுவிட வேண்டும். நான்காவது, பல்லாண்டு அனுபவமும் கைராசியும் போதாதா என்பது. அனுபவத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எங்கே தேட வேண்டும் என்று காட்டுவது அதுதான். ஆனால் டாக்சிசைக்ளின் பல கிருமிகளை அடக்கும், பல காய்ச்சல்கள் தாமே தணியும், ஸ்டீராய்டு எதையும் சில நாள் மறைக்கும். அதனால் மருந்துக்குப் பின் நலம் தெரிந்ததை நம் ஊகத்துக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. நலமான நாயின் உரிமையாளர் நம்மைப் புகழ்வார். நலமாகாத நாயை வேறிடம் கொண்டுபோவார். தோல்விகள் நம் கண்ணில் படாத இடத்தில் அனுபவம் மட்டும் நம்மைத் திருத்தாது. இதோடு, தேவையற்ற ஆன்டிபயாடிக்கால் வலுப்பெறும் கிருமிகள் அந்த நாய் படுக்கும் வீட்டிலேயே வாழ்கின்றன. இந்திய அரசு 2017இல் வகுத்த மருந்தெதிர்ப்பைத் தடுப்பதற்கான தேசியச் செயல்திட்டம் மனித மருத்துவத்தோடு கால்நடை மருத்துவத்தையும் பொறுப்பாக்கியிருப்பது இதனால்தான்.

ஆகவே இந்த அவையின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். மருத்துவர்கள் தம் மேசையில் நுண்ணோக்கிக்கு இடம் ஒதுக்கி, காய்ச்சலோடு வரும் ஒவ்வொரு நாய்க்கும் மருந்துக்கு முன் ஒரு பூச்சு எடுப்பதை வழக்கமாக்க வேண்டும். கல்லூரிகள், ஸ்லைடு பார்க்கவும் வயிற்றைத் தொட்டறியவும் தேர்ச்சி பெறாத எவரையும் பட்டத்துக்குத் தகுதியானவராகக் கொள்ளாதிருக்க வேண்டும். இங்கே கட்டுரை படிக்கவிருக்கும் இளைஞர்கள், குணமானவற்றோடு குணமாகாதவற்றையும் அவற்றின் காரணத்தையும் மறைக்காமல் பதிவு செய்ய வேண்டும். வரும் அமர்வுகளில் மற்றவர்கள் அதிகம் கற்கப்போவது அவற்றிலிருந்துதான். தன் வலியைச் சொல்ல வாயில்லாத உயிருக்கு மருத்துவம் செய்கிறோம். அதன் உடல் தரும் சான்றைக் கேட்ட பிறகே மருந்தைத் தொட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.