வேலி விறகும் வயற் பசளையும்



பதுளைத் தோட்டங்களில் தேயிலையை உலர்த்தும் அடுப்புகள் பெரும்பாலும் விறகினாலேயே எரிகின்றன. விறகுக்கும் மின்சாரம் பிறப்பிப்பதற்கும் உதவுமென்றே, 2005ஆம் ஆண்டில் அரசாங்கம் சீமைக்கிளுவையைத் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்றதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

ஆயினும் இதற்கென நெல்வயலையோ மரக்கறிப் பாத்தியையோ விட்டுக்கொடுத்தல் தகாது. வேலியும் சரிவின் ஓரமும் போதும். ஐப்பசி மழையோடு முற்றிய தடிகளை நடுக. தழையை விறகுடன் ஏற்றி அனுப்பிவிடாதீர்கள். நைதரசன் நிறைந்த அவ்விலையை உழவின்போது சேற்றில் மிதித்துவிடுங்கள். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபோது அதன் அருமை தெரிந்ததல்லவா? தடிகளைக் கூரையின்கீழ் அடுக்கி, நன்கு உலர்ந்த பின்னரே தொழிற்சாலைக்குக் கொடுங்கள். பச்சை விறகின் வெப்பம் அதன் ஈரத்தைப் போக்குவதிலேயே வீணாகும்.