மண்டபத்துக்கு வெளியே நின்றவன்

(இரவுப் பள்ளிகளில் பாடம் எடுக்கும் மாணவர்களுக்கான பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



'ஆங்கில வகுப்பும் வீரமும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இங்க உட்கார்ந்திருக்கிற பாதிப்பேர் சாயந்திரமானா சேரியில பிள்ளைங்களைக் கூட்டிவச்சு டியூசன் எடுக்கிறவங்க. அதனால இது வெறும் இலக்கியப் பேச்சு இல்லை. பாடப்புத்தகம் என்பது ஒரு வகையில் அரசாங்கம் நட்டுவைக்கும் நடுகல். யாருடைய பெயர் அதில் பொறிக்கப்படுகிறது, யாருடைய பெயர் விடுபடுகிறது என்பது அதிகாரம் சம்பந்தப்பட்ட கேள்வி.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அங்கே ஆங்கில வகுப்பு என்றால் முக்கியமாக இலக்கியம் படிக்கிற வகுப்பு. வீரன் என்பவன் யார், காலத்துக்குக் காலம் அந்தக் கருத்து எப்படி மாறியது என்பதை வாரக்கணக்கில் வைத்துப் பேசுகிறார்கள். இன்னொரு காரணமும் உண்டு. அந்த நாட்டுக் கறுப்பின மக்களோடு நமக்குப் பழைய உறவு. 1873-ல் ஜோதிராவ் புலே தன் 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். 1946-ல் அம்பேத்கர், கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1966-ல் ஓக்லண்டில் உருவான கருஞ்சிறுத்தைகளைப் பார்த்துத்தான் 1972-ல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் பெயர் வைத்துக்கொண்டார்கள். அதனால அந்த வகுப்பறையில நாமளும் கடைசி பெஞ்சுல போய் உட்காரலாம், தப்பில்லை.

அங்கே வீரத்தைப் பற்றிய பாடம் பெரும்பாலும் 'பெவுல்ஃப்' காவியத்தில் தொடங்கும். பழைய ஆங்கிலத்தில் 3182 அடிகள். ஆயிரம் வருடப் பழமையுள்ள ஒரே ஒரு கையெழுத்துப் பிரதிதான் மிச்சம். 1731-ல் நடந்த தீ விபத்தில் ஓரம் கருகித் தப்பித்தது. கதை இதுதான்: டேனிய அரசன் ஒரு பெரிய மண்டபம் கட்டுகிறான். உள்ளே விருந்து, குடி, யாழ், பாட்டு. வெளியே சதுப்பு நிலத்தில் கிரெண்டல் என்றொரு 'அரக்கன்'. உள்ளேயிருந்து வருகிற பாட்டுச் சத்தம் அவனுக்கு வேதனையாக இருக்கிறது. ராத்திரியில் வந்து வீரர்களைக் கொன்று தின்கிறான். 12 வருடம் இப்படியே போகிறது. கடல் தாண்டி வந்த பெவுல்ஃப் அவன் கையைப் பிய்த்தெறிந்து சாகடிக்கிறான். மறுநாள் ராத்திரி, பிள்ளையைப் பறிகொடுத்த அம்மா வருகிறாள். ஒரே ஒருவனைக் கொன்று எடுத்துக்கொண்டு போகிறாள். பெவுல்ஃப் நீருக்கடியில் இருக்கிற அவள் இடத்துக்கே இறங்கிப்போய் அவளையும் கொல்கிறான்.

இந்தக் கதையை நம்ம பிள்ளைங்க படிச்சா எங்க நின்னு படிப்பாங்க? மண்டபத்துக்கு உள்ளயா, வெளியயா? கிரெண்டல் ஏன் கெட்டவன் என்பதற்குக் காவியம் ஒரு காரணம் சொல்கிறது. அவன் காயீனின் வம்சம். தம்பியைக் கொன்று சபிக்கப்பட்டவனின் வழி வந்தவன். அதாவது, அவன் குற்றம் செய்வதற்கு முன்னாலேயே அவன் பிறப்பு குற்றமாகிவிட்டது. 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்ட வெள்ளைக்காரனுக்கு இந்தத் தர்க்கம் புதுசில்லை. அதற்கு முன்பே மனு எழுதிவைத்தவர்களுக்கும் புதுசில்லை. அந்த அம்மாவுக்கோ பெயர்கூடக் கிடையாது. காவியம் முழுக்க அவள் 'கிரெண்டலின் தாய்'தான்.

இதைவிட முக்கியமானது ஒரு சொல். பழைய ஆங்கிலத்தில் 'அக்லேக்கா' என்று ஒரு சொல் இருக்கிறது. காவியம் அதைக் கிரெண்டலுக்கும் பயன்படுத்துகிறது, கடைசியில் வருகிற டிராகனுக்கும் பயன்படுத்துகிறது. ஓரிடத்தில் பெவுல்ஃபையும் டிராகனையும் சேர்த்தே அந்தச் சொல்லால் குறிக்கிறது. அதன் பெண்பால் வடிவத்தால் கிரெண்டலின் தாயைக் குறிக்கிறது. ஆனால் பதிப்பாசிரியர்கள் பொருள் எழுதும்போது என்ன செய்தார்கள் தெரியுமா? கிரெண்டலுக்கு வந்தால் அரக்கன், பிசாசு. வீரர்களுக்கு வந்தால் போர்வீரன், நாயகன். அம்மாவுக்கு வந்தால் அரக்கி. நான் வங்கியில் கணக்குப் பார்க்கிறவன். ஒரே தொகை ஒருத்தன் கணக்கில் வரவாகவும் இன்னொருத்தன் கணக்கில் பற்றாகவும் ஏறும், அது எனக்குப் புரியும். ஒரே சொல் ஆளைப் பார்த்துப் பொருள் மாறுவது கணக்கு இல்லைங்க, அதுக்குப் பேர் சாதி. அந்தச் சொல்லுக்குப் 'பயங்கரமாகப் போரிடும் ஆள்' என்று எல்லாருக்கும் பொதுவாகவே பொருள் கொள்ளலாம் என்று பிற்காலத்தில் ஆய்வாளர்கள் வாதாடினார்கள். 2020-ல் மரியா தவானா ஹெட்லி என்ற எழுத்தாளர் செய்த மொழிபெயர்ப்பு இந்த ஓரவஞ்சனையைக் கணக்கில் எடுத்துக்கொண்டது.

1971-ல் ஜான் கார்ட்னர் 'கிரெண்டல்' என்று ஒரு நாவல் எழுதினார். அதே கதை, ஆனால் கிரெண்டலின் வாயால். அங்குள்ள பல ஆசிரியர்கள் காவியத்தையும் நாவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடத்துகிறார்கள். இது நமக்குப் பழக்கமான வேலைதான். வாமனன் காலால் மிதிபட்ட பலியை நீதியான குடியானவர்களின் அரசனாகப் புலே திருப்பி எழுதியது கார்ட்னருக்கு ஒரு நூற்றாண்டு முன்னால்.

ஆனா தோழர்களே, ஒண்ணு கவனிக்கணும். "கிரெண்டல் மனுசனைத் தின்னவன்தானே, அவனைப் போய் நம்மாளுன்னு சொல்லலாமா?" என்று ஒரு பிள்ளை கேட்கும். கேட்கணும். கார்ட்னருடைய கிரெண்டல் விடுதலை வீரன் அல்ல. உலகத்தில் எதற்கும் அர்த்தமில்லை என்று கசந்துபோனவன். கதையைத் தலைகீழாகப் புரட்டிவிட்டால் மட்டும் போதாது. புலே வெறுமனே புரட்டவில்லை. பலியின் ஆட்சியில் நீதி எப்படி இருந்தது என்று அதற்குள் ஒரு உள்ளடக்கத்தை வைத்தார். அரக்கனை வீரன் என்று மாற்றிச் சொல்வது சுலபம். அரக்கன் என்று பெயர் வைக்கிற உரிமை யாருக்கு எப்படி வந்தது என்று கேட்பதுதான் பாடம்.

அடுத்தது, ஒன்பதாம் வகுப்பு வாக்கில் அங்கே லட்சக்கணக்கான பிள்ளைகள் படித்த 'டு கில் எ மாக்கிங்பேர்ட்'. ஹார்ப்பர் லீ எழுதி 1960-ல் வந்தது, 1961-ல் புலிட்சர் பரிசு பெற்றது. 1930-களின் அலபாமா. ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாக டாம் ராபின்சன் என்ற கறுப்பர்மேல் பொய் வழக்கு. அவருக்காக வாதாடுகிறவர் அட்டிகஸ் ஃபின்ச் என்ற வெள்ளைக்கார வக்கீல். வாளில்லாத, மனசாட்சியை மட்டும் நம்புகிற புது வீரன். 2003-ல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் போட்ட சினிமா நாயகர்களின் பட்டியலில் இந்த அட்டிகஸ்தான் முதலிடம்.

நல்ல நாவல்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் வழக்கில் தோற்று அட்டிகஸ் வெளியே போகும்போது, மாடியில் ஒதுக்கப்பட்ட இடத்தில் இருக்கிற கறுப்பின மக்கள் எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். அவருக்கு மரியாதை. டாம் ராபின்சனோ பிறகு சிறையில் வேலி ஏறித் தப்பப் பார்த்து, 17 குண்டுகள் பாய்ந்து சாகிறார். நாவல் அந்தச் சாவையும் அட்டிகஸின் வேதனை வழியாகத்தான் நமக்குக் காட்டுகிறது.

டாமுடைய வீரம் எங்கே இருக்கிறது? சாட்சிக் கூண்டில் இருக்கிறது. இடது கை ஊனமான அந்த மனிதர், அந்தப் பெண்ணுக்கு ஏன் வேலை செய்து கொடுத்தாய் என்று அரசு வக்கீல் கேட்கும்போது, அவள்மேல் இரக்கப்பட்டேன் என்கிறார். சபை திகைத்துப்போகிறது. கறுப்பன் வெள்ளைக்காரியைப் பார்த்து இரக்கப்படுவதா? இரக்கம் மேலேயிருந்து கீழே வரவேண்டிய பண்டம். கீழே இருக்கிறவன் மேலே பார்த்து இரக்கப்பட்டால் அது திமிர். நம்ம ஊர்லயும் இந்தச் சட்டம்தானே நடக்குது? நம்மை அடிச்சாக்கூட அவங்களுக்குப் பெரிய விசயமில்லை. நாம அவங்களைப் பார்த்து "ஐயோ பாவம்"னு சொல்லிப் பாருங்க, ஊரே திரண்டு வரும். இந்த இடத்தை நிறுத்தி நடத்துகிற ஆசிரியர், அட்டிகஸைத் தாண்டிப் போய்விட்டார் என்று சொல்வேன்.

2015-ல் இன்னொரு விசயம் நடந்தது. மாக்கிங்பேர்டுக்கு முன்பே எழுதப்பட்ட லீயின் 'கோ செட் எ வாட்ச்மேன்' வெளியானது. அதில் வயதான அட்டிகஸ், கறுப்பர்களுக்குச் சமமான இடம் தரக்கூடாது என்கிற வெள்ளையர் குழுவின் கூட்டத்தில் போய் உட்கார்கிறார். வாசகர்கள் இடிந்துபோனார்கள். நமக்கு அதில் அதிர்ச்சிப்பட ஒன்றுமில்லை. கோர்ட்டில் நமக்காக வாதாடுகிற முற்போக்காளர், வீட்டுக்குப் பெண் கேட்டால் என்ன சொல்வார் என்று நமக்குத் தெரியும். அவர் வாதாடியதும் உண்மை, இதுவும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பதுதான் நேர்மை.

அப்போ மீட்பர் வேணாம், மீண்டவர்கள் கதை வேணும். ஃபிரெடரிக் டக்ளஸின் சுயசரிதை 1845-ல் வந்தது. அடிமையாகப் பிறந்தவர். 16 வயதில் கோவி என்கிற கொடுமைக்காரனோடு கட்டிப்புரண்டு சண்டை போட்டார். அதற்கப்புறம் அவன் இவர்மேல் கைவைக்கவில்லை. வகுப்பில் இந்தச் சண்டையைத்தான் உச்சகட்டமாக நடத்துவார்கள். எனக்கு வேறு இரண்டு இடங்கள் பெரிதாகத் தெரிகின்றன. ஒன்று, ஞாயிற்றுக்கிழமைகளில் ரகசியமாகப் பள்ளி நடத்தி நாற்பது பேருக்கும் மேல் எழுத்துச் சொல்லிக் கொடுத்தது. பிடிபட்டால் சவுக்கடி என்று தெரிந்துதான் அத்தனை பேரும் வந்தார்கள். உங்க டியூசன் சென்டருக்கு அவர்தான் மூத்த வாத்தியார். இரண்டாவது, 1838-ல் தப்பித்து ஓடியதை எழுத வரும்போது, எப்படித் தப்பித்தேன் என்பதை அவர் சொல்லவில்லை. சொன்னால் பின்னால் வருகிறவர்களின் வழி அடைபடும், உதவியவர்கள் மாட்டுவார்கள். தன் கதையின் மிகப் பெரிய சாகசத்தை எழுதாமல் விட்டவர் அவர். தன் பெருமையைவிடத் தோழர்களின் உயிர் பெரிது என்று நினைத்த அந்த மௌனத்தை நான் வீரம் என்கிறேன்.

ஹேரியட் ஜேகப்ஸ் இன்னும் ஒரு படி மேலே. எசமானனின் பாலியல் தொல்லையிலிருந்து தப்ப, பாட்டி வீட்டோடு சேர்ந்த கொட்டகையின் கூரைக்கடியில் ஒளிந்துகொண்டார். 9 அடி நீளம், 7 அடி அகலம், உயரமான இடத்தில் 3 அடி. நிமிர்ந்து உட்கார முடியாது. கிட்டத்தட்ட ஏழு வருடம். பலகையில் துளை போட்டு, கீழே விளையாடுகிற தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தலைக்குமேல இருக்கிறது பிள்ளைங்களுக்குத் தெரியாது. 1842-ல் வடக்கே தப்பினார், 1861-ல் புனைபெயரில் புத்தகம் வந்தது. ஒரு கறுப்பின அடிமைப் பெண் இப்படி எழுதியிருக்க முடியாது, வெள்ளைக்காரப் பெண்மணி யாரோ எழுதிய கற்பனை என்று நூறு வருடத்துக்கும் மேல் பலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1980-களில் ஜீன் ஃபேகன் யெல்லின் என்ற ஆய்வாளர் கடிதங்களைத் தேடியெடுத்து, எழுதியது ஜேகப்ஸ்தான் என்று நிறுவினார்.

வீரன் வீட்டைவிட்டுப் புறப்படுவான், சோதனைகளை வெல்வான், திரும்பி வருவான் என்று 1949-ல் ஜோசப் கேம்பல் ஒரு வாய்பாடு எழுதினார். இன்றுவரை அமெரிக்க வகுப்பறைகளில் அதைப் பலகையில் வட்டம் போட்டு நடத்துகிறார்கள். ஜேகப்ஸை அந்த வட்டத்தில் எங்கே வைப்பது? ஏழு வருடம் அவர் எங்கேயும் போகவில்லை. அசையாமல் இருந்ததே அவருடைய போர். நம் அம்மாக்களின் வீரத்தை அளக்க இந்த மூன்றடிக் கூரைதான் சரியான அளவுகோல்.

இப்போது நம் பக்கம் வருகிறேன். கொஞ்சம் கசப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தார்: மதத்தில் பக்தி விடுதலைக்கு வழியாக இருக்கலாம், அரசியலில் பக்தி சீரழிவுக்கும் சர்வாதிகாரத்துக்கும்தான் வழி. அதைச் சொன்னவருக்கே நாம் மாலை போட்டுச் சூடம் காட்டுகிறோம். கட்அவுட்டுக்கு வசூல் ஆகிற பணம் இரவுப் பள்ளி பல்புக்கு வசூலாவதில்லை. மண்டபத்துக்கு வெளியே நின்றவர்கள் நாம். நமக்கென்று இன்னொரு மண்டபம் கட்டி, அதற்கு வெளியே நம் பெண்களையும், நமக்கும் கீழே என்று நாம் நினைக்கிற சாதிகளையும் நிறுத்தினால், பெவுல்ஃபை நாம் மனப்பாடம் மட்டும்தான் பண்ணியிருக்கிறோம்.

மேலவளவை எடுத்துக்கொள்ளுங்கள். 1996-ல் ஊராட்சித் தலைவர் பதவி ஒதுக்கப்பட்டதும் மிரட்டல், தீவைப்பு, தேர்தல் ரத்து. எல்லாம் தெரிந்தும் முருகேசன் நின்றார், வென்றார். 1997 சூன் 30 அன்று அவரையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006 வரை ஒழுங்கான தேர்தல் நடத்த முடியவில்லை. ஒரு வேட்புமனுத் தாளில் கையெழுத்துப் போடுவது எவ்வளவு பெரிய போர் என்று அந்தப் பத்து வருடம் சொல்கிறது. வாள் வேண்டாம், ஒரு பேனா போதும். ஆனால் அந்தப் பேனாவைப் பிடிக்கிற கை தனியாக இல்லை. முன்மொழிந்தவர், கூட நடந்தவர், அன்றைக்கு அதே பஸ்ஸில் ஏறியவர் எல்லாரும் அதில் உண்டு.

அதனால, டியூசன்ல 'மை ஹீரோ'ன்னு கட்டுரை எழுதச் சொன்னா, ஒரு ஆளைப் பத்தி எழுதச் சொல்லாதீங்க. ஒரு செயலைப் பத்தி எழுதச் சொல்லுங்க. அதுல எத்தனை பேர் இருந்தாங்கன்னு பேர் பேரா எழுதச் சொல்லுங்க. பேர் தெரியாதவங்களுக்கு இடம் விட்டு எழுதச் சொல்லுங்க.

கடைசியா ஒரு இலக்கணப் பாடம். ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ் எல்லாரும் நடத்துவீங்க. ராமன் ராவணனைக் கொன்றான், ராவணன் ராமனால் கொல்லப்பட்டான் என்கிற உதாரணத்தைத் தூக்கிப் போடுங்க. பத்திரிகையை எடுத்து வையுங்க. 'குடிசைகள் எரிந்தன' என்று போட்டிருப்பான். குடிசை தானா எரியாது. 'எரிக்கப்பட்டன' என்று எழுதினாலும் எரித்தவன் வரவில்லை. அதை ஆக்டிவ் வாய்ஸுக்கு மாத்தச் சொல்லுங்க. மாத்தணும்னா எழுவாய் வேணும். யார் எரிச்சதுன்னு பிள்ளைங்க தேட ஆரம்பிக்கும். அடுத்த வாக்கியத்தில், எரிந்த குடிசையைத் திரும்பக் கட்டியது யார் என்று கேளுங்கள். அதற்கான எழுவாய் அந்தப் பிள்ளைகளின் வீட்டிலேயே இருக்கும்.