தலையெழுத்தா, தடுக்கக்கூடிய வியாதியா?

விரல் கணுக்கள் வீங்கி, காலையில் எழுந்தால் கையை மடக்கவும் முடியாமல் அவதிப்படுகிறவர்களை எந்த ஊரிலும் பார்க்கலாம். இந்த முடக்குவாதத்தை முன்பு தலையெழுத்து என்றார்கள். இப்போது சற்றுப் படித்தவர்கள், “எல்லாம் ஜீன், மாற்ற முடியாது” என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான், பெயர்தான் வேறு. சிலருடைய ஜீன் இவ்வியாதிக்கு இடங்கொடுக்கும் என்பது உண்மையே. ஆனால் இடங்கொடுப்பது வேறு, விதித்துவிடுவது வேறு.

மூட்டுக்குள் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதில் ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் செல்கள் உண்டு. நார் நெய்து உறுப்புகளைக் கட்டி நிறுத்துவதும், மூட்டு உராயாதபடி நீர் சுரப்பதும் அவற்றின் வேலை. வீக்கங்கண்ட மூட்டில் வந்து சேரும் வெள்ளணுக்கள் டி.என்.எஃப். என்னும் புரதத்தை வெளியிடுகின்றன. அது இந்தச் செல்லின் மேல் வந்து ஒட்டுகிறது. உள்ளே என்.எஃப். கப்பா பி என்ற புரதம், வேறொரு புரதத்தால் கட்டுண்டு கிடக்கிறது. டி.என்.எஃப். ஒட்டியதும் அந்தக் கட்டு அழிந்துபோக, இது செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, சும்மா கிடந்த ஜீன்களை முடுக்கிவிடுகிறது. பிறகு நடப்பதென்ன? நார் நெய்த செல்லே குருத்தெலும்பை அரிக்கும் என்சைம்களை உண்டாக்குகிறது. வீக்கத்தை மேலும் வளர்க்கும் பொருள்களையும் சுரக்கிறது.

கவனியுங்கள். ஜீனில் உள்ள எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. வந்த உத்தரவுதான் மாறிற்று. அப்படியானால் உத்தரவைத் தடுத்தால் என்ன?

லண்டனில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி என்ற இருவர், டி.என்.எஃப்.பைத் தடுக்கும் மருந்தை 1992-இல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குணம் தெரிந்தது. அதோடு நம்பிவிடவில்லை. 73 பேரைக் கூறு பிரித்து, சிலருக்கு மருந்தும் சிலருக்கு மருந்தில்லாத திரவமும் ஏற்றினார்கள். 1994-இல் முடிவு வெளிவந்தது. நான்கு வாரத்தில் மருந்தில்லாத திரவம் பெற்ற 24 பேரில் 2 பேருக்குத்தான் குணம் கண்டது. அதிக அளவு மருந்து பெற்ற 24 பேரில் 19 பேருக்குக் கண்டது. எந்தத் தாயத்தாவது இப்படிச் சோதனைக்கு உட்பட்டதுண்டா என்று நாம் கேட்கிறோம்.

இம்மருந்து வியாதியை வேரறுப்பதில்லை. உடலில் அடங்கிக் கிடக்கும் காசநோயைக் கிளப்பிவிடவும் கூடும். ஆதலால் முதலில் அதற்குப் பரிசோதனை வேண்டும். இதையும் மறைக்காமல் சொல்லுவதுதான் விஞ்ஞானம்.

ஆகவே தோழர்களே! வீட்டில் யாருக்காவது கணு வீக்கம் வாரக்கணக்கில் வடியாவிட்டால், விதியென்று உட்கார்ந்திராமல் வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். ஒருமுறை அரிக்கப்பட்ட மூட்டு பழையபடி திரும்பாது. தாமதம் ஒன்றுதான் அதைத் தலையெழுத்தாக ஆக்குகிறது.