பால் குறையும் மாதங்களுக்கு ஒரு கணக்கு

 

குடும்ப வரவு செலவு பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "இந்த டீச்சர் தினமும் கணக்கு எழுதச் சொல்வார்" என்று நீங்கள் நினைக்கலாம். அப்படிச் சொல்லப் போவதில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, சோறு கறி ஆக்கி, பிள்ளைகளுக்குத் தனியே எடுத்து வைத்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடுகிறவர்கள் நீங்கள். வேலை முடிந்து வந்தால் துணி, பாத்திரம், மறுபடியும் அடுப்பு. இதற்கிடையில் மீனுக்கு எத்தனை வெள்ளி, கத்தரிக்காய்க்கு எத்தனை காசு என்று எழுத வாங்கிய நோட்டுப் புத்தகம், மூன்றாம் நாளே சின்னப் பிள்ளையின் படப் புத்தகமாகிவிடும்.

நான் சொல்ல வந்தது மாதக் கணக்கு அன்று, ஆண்டுக் கணக்கு. ஆண்டுக்கு ஓர் இரவும், பிறகு மாதத்துக்கு அரை மணி நேரமும் அதற்குப் போதும்.

பட்டணத்தில் ஆபீஸ் வேலை பார்ப்பவர் வீட்டில் பன்னிரண்டு மாதமும் ஒரே வரவு. நம் வீட்டில் அப்படியா? பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர் விடுகிறது. தன் சத்தை அது புதுத் துளிருக்குக் கொடுக்கும்போது பால் சுண்டிவிடுகிறது. செம்பனையிலும் ஆண்டுத் தொடக்கத்தில் குலை குறைவு. ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபரில்தான் குலை அதிகம். கிழக்குக் கரைத் தோட்டங்களுக்கு ஆண்டுக் கடைசியில் அடைமழை வேறு. நனைந்த மரத்தில் கத்தி வைக்க முடியாது.

இனி, செலவு வரும் மாதங்களைப் பாருங்கள். அக்டோபரிலோ நவம்பரிலோ தீபாவளி. ஜனவரியில் பொங்கல், அதன் பின்னாலேயே தைப்பூசம். பள்ளித் தொடக்கம் 2022 முதல் சில ஆண்டுகள் மார்ச்சுக்கும் பிப்ரவரிக்கும் தள்ளிப் போயிருந்தது. 2026இல் அதுவும் ஜனவரிக்கே திரும்பி வந்துவிட்டது. பெரிய செலவெல்லாம் வரிசையாக வந்து முடிகிற இடத்தில் இலை உதிரத் தொடங்குகிறது. "எங்கள் கையில் காசு தங்குவதே இல்லை" என்று பல தாய்மார்கள் என்னிடம் குறைப்படுவதுண்டு. அவர்கள் ஊதாரிகள் அல்லர். வரவும் செலவும் எதிரெதிராக ஓடுகிற ஆண்டை, மாதம் மாதமாகச் சமாளிக்கப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். தீபாவளிக்கு மீட்ட சங்கிலி மார்ச்சு மாதத்தில் மறுபடியும் அடகுக்கடைக்குப் போவது இதனால்தான்.

இது பள்ளிக்கூடத்திலும் தெரியும். அந்த மாதங்களில் வகுப்பில் சில இடங்கள் காலியாகும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கடிதம் வரும். விசாரித்தால் காய்ச்சல் இராது. பள்ளி வேனுக்குப் பணம் கட்டியிருக்க மாட்டார்கள். வேன்காரர் ஒரு மாதம் பொறுப்பார், இரண்டு மாதம் பொறுப்பார். அவரும் எண்ணெய் ஊற்ற வேண்டுமே! மார்ச்சு மாதம் விட்ட வகுத்தல் பாடத்தை அந்தப் பிள்ளை ஜூன் மாதத்திலும் பிடிக்க முடியாமல் திணறுவதை நான் பார்த்து வருகிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் வந்தாக வேண்டும். சம்பளச் சீட்டைக் கிராணி கொடுத்ததும் சட்டைப் பைக்குள் மடித்துப் போட்டுவிடாதீர்கள். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி போகும். சொக்சோவுக்கும் சிறு தொகை பிடிப்பார்கள். கையில் வருவது ஏறக்குறைய 1,500. இருவர் வேலை செய்தால் 3,000. வீட்டுச் செலவு இந்த அடித்தொகைக்குள் நடக்க வேண்டும். நல்ல மாதங்களில் கூடுதல் பாலுக்கும், கூடுதல் குலைக்கும், ஞாயிற்றுக்கிழமை வேலைக்கும் வருகிற பணத்தை மாதச் சம்பளமாக நினைக்கக் கூடாது. அது பால் குறையும் மாதத்துக்காக மரம் முன்கூட்டியே கொடுக்கிற பணம்.

நம் வீடுகளில் குதிரைப் படம் போட்ட நாள்காட்டி தொங்குகிறதல்லவா? ஓர் இரவு அதைக் கீழே இறக்குங்கள். வீட்டுக்காரரும் கூட உட்காரட்டும். அவரை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு அவர் கையாலேயே கலையும். தீபாவளி மாதத்துத் தாளில் 800 வெள்ளி என்று எழுதுங்கள். பள்ளித் தொடக்கத்துக்கு இரண்டு பிள்ளைகளின் சீருடை, சப்பாத்து, பை எல்லாம் சேர்த்து 500. தைப்பூசத்துக்கு 200. பிறகு பிப்ரவரி, மார்ச்சு, ஏப்ரல் தாள்களில் துண்டு விழும் தொகையாக மாதம் 200 வீதம் 600. கூட்டினால் 2,100 வெள்ளி. உங்கள் வீட்டுத் தொகை வேறாக இருக்கலாம். மே முதல் நவம்பர் வரை ஏழு மாதம். ஏழால் வகுத்தால் மாதம் 300 வெள்ளி, ஆளுக்கு 150. ஒரே நாளில் 2,100 வெள்ளி புரட்டுவது மலை. நல்ல மாதத்தில் 150 வெள்ளி எடுத்து வைப்பது முடிகிற காரியம். அதுவும் கூடாத வீட்டில், மற்றதைக் குறைத்துக்கொண்டு, வேன் பணத்தை மட்டுமாவது முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள்.

அந்தப் பணம் சம்பளம் விழுகிற கணக்கிலேயே கிடக்கக் கூடாது. கிடந்தால் கரையும். வேறொரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றுங்கள். பழைய அஞ்சலகச் சேமிப்பு வங்கியின் இடத்தில் 1974இல் வந்த தேசியச் சேமிப்பு வங்கி, பிஎஸ்என், நம் போன்றவர்களின் சிறு சேமிப்புக்கு ஏற்றது. லயத்துப் பெண்கள் சேர்ந்து கட்டும் கூட்டுப் பணத்தை நான் பழிக்கவில்லை; பல கல்யாணங்கள் அதனால் நடந்திருக்கின்றன. ஆனால், கூட்டு பிடிப்பதைத் தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. தலைவி ஊரைவிட்டுப் போனால் யாரிடம் போய் நிற்பது? சிறு தொகை என்று இளக்காரமாக எண்ணவும் வேண்டாம். 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பங்குப் பணத்தில்தான் தோட்டங்களை வாங்கியது.

கடைப் பற்றுக்கு உங்களிடமும் ஒரு சிறு புத்தகம் இருக்கட்டும். சாமான் எடுக்கும்போதே கடைக்காரர் இரண்டிலும் எழுதட்டும். எழுதப் படிக்கும் மகனையோ மகளையோ அனுப்பினால் அதுவே நல்ல கணக்குப் பாடம். கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. பால் இல்லாத மாதத்தில் அரிசி கொடுத்தவர் அவர். எனக்குப் பயமாக இருப்பது கைப்பேசியில் தவணைக்குப் பொருள் வாங்குவதுதான். அந்தப் பற்றுப் புத்தகம் கண்ணுக்கே தெரிவதில்லை.

கடன் வாங்கித்தான் தீர வேண்டும் என்றால் வட்டியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்நூறு வெள்ளி வேண்டும். உரிமம் பெற்ற அடகுக்கடையில் நூற்றுக்கு மாதம் 2 வெள்ளி. ஓர் ஆண்டுக்கு 120 வெள்ளி. ஆறு மாதத் தவணைத் தேதியை மட்டும் நாள்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் ஈடில்லாத கடனுக்குச் சட்டப்படி வாங்கக்கூடியது ஆண்டுக்கு 18 விழுக்காடு; அது 90 வெள்ளி. அடையாள அட்டையையும் வங்கி அட்டையையும் பிடுங்கி வைத்துக்கொண்டு, நூற்றுக்கு மாதம் இருபது கேட்கிற வட்டி முதலைக்கு ஆண்டுக்கு 1,200 வெள்ளி! முதல் அப்படியே நிற்கும். பாஸ்புத்தகத்தில் முன்பே 600 வெள்ளி இருந்தால் இந்த மூவரிடமும் போக வேண்டியதில்லை.

இந்த மாதச் சம்பள இரவிலேயே நாள்காட்டியை இறக்கிவிடுங்கள். முதலில் ஏப்ரல் தாளைப் பாருங்கள், பிறகு மார்ச்சு, பிறகு பிப்ரவரி. தீபாவளித் தாளைக் கடைசியாகப் புரட்டுங்கள்.