மூன்று பொருள், ஒரு பானை

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அயர்லாந்தில் இத்தனை வருஷமாக இருக்கிறாய், அதைப் பற்றி ஏதாவது பேசு" என்று செயலாளர் சொன்னார். அரசியல் பேசினால் சண்டை வரும். பருவநிலை பேசினால் 'மழை' என்ற ஒரே வார்த்தையில் பேச்சு முடிந்துவிடும். (சிரிப்பு) ஆகவே சாப்பாட்டைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அந்தத் தீவு நமக்கு முற்றிலும் அந்நியம் இல்லை. திருநெல்வேலிச் சீமையில் வாழ்ந்த பிஷப் கால்டுவெல் 1814-இல் பிறந்தது அங்கேதான்.

அயர்லாந்து வீடுகளில் ஆட்டுக்கறி ஸ்டூ என்று ஒன்று செய்வார்கள். ஸ்டூ என்றதும் ஆப்பத்துக்கு ஊற்றிக்கொள்ளும் கேரளத்து இஷ்டுவை நினைக்காதீர்கள். பேர் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் இங்கே குடியேறி, தேங்காய்ப்பால், கிராம்பு, பச்சைமிளகாய் எல்லாம் சேர்த்துக்கொண்டு அது வேறு ஆளாகிவிட்டது. நான் சொல்லும் ஸ்டூவில் கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம் மூன்றுதான். மற்றபடி தண்ணீர், உப்பு, மிளகு, கொஞ்சம் தழை. வதக்கல் கிடையாது, தாளிப்பு கிடையாது.

"இதையா மேடையேறிச் சொல்ல வந்தாய்?" என்று முன்வரிசை நண்பர் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

நாம் இங்கே மட்டன் என்று வாங்குவது பெரும்பாலும் வெள்ளாடு. அங்கே செம்மறிதான். இப்போது ஒரு வயதுக்கு உட்பட்ட குட்டியின் கறியைப் போடுகிறார்கள். அந்தக் காலத்தில் குட்டியை அறுக்கக் குடியானவனுக்கு மனசும் வராது, கட்டுப்படியும் ஆகாது. ஆடு கம்பளி தரும், குட்டி போடும், விற்றால் குத்தகை கட்டலாம். எல்லாம் ஓய்ந்த கிழ ஆடுதான் பானைக்கு வரும். கிழ ஆட்டின் கழுத்துக்கறி இரண்டு மூன்று மணி நேரம் மெதுவாக வெந்தால்தான் பல்லுக்கு அடங்கும். ஆகவே இந்தச் சமையல்முறை யாரும் யோசித்துக் கண்டுபிடித்தது இல்லை. இருந்தது அவ்வளவுதான்.

அந்த உருளைக்கிழங்குக்குப் பின்னால் ஒரு பெரிய சோகம் இருக்கிறது. ஏழைகள் அதை மட்டுமே தின்று உயிர் வாழ்ந்தார்கள். உழைக்கும் ஆள் ஒருவன் நாளொன்றுக்கு ஐந்து கிலோவுக்கு மேல் சாப்பிட்டிருக்கிறான் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். 1845-இல் கிழங்குச் செடியில் ஒரு கருகல் நோய் விழுந்தது. அடுத்தடுத்த வருஷங்களில் சுமார் பத்து லட்சம் பேர் பட்டினியிலும் காய்ச்சலிலும் செத்தார்கள். பத்து லட்சத்துக்கு மேல் கப்பலேறிப் போனார்கள். அதே சமயத்தில் தானியமும் கால்நடையும் துறைமுகங்களிலிருந்து இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. தாதுவருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பாட்டிமார் சொல்லக் கேட்டவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. 1841 கணக்கெடுப்பில் அந்தத் தீவில் 81 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். அந்த எண்ணிக்கையை அது இன்றுவரை திரும்ப எட்டவில்லை. அந்தப் பஞ்சத்துக்கு வெளியிலிருந்து முதலில் வந்த பெரிய உதவிகளில் ஒன்று நம் கல்கத்தாவிலிருந்து போனது என்பதையும் சொல்லவேண்டும். கம்பெனிப் படையிலிருந்த ஐரிஷ் சிப்பாய்களும் வேறு பலரும் சேர்ந்து சுமார் 14,000 பவுண்டு திரட்டினார்கள்.

இதெல்லாம் தெரிந்த பிறகுதான் டப்ளினில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாளின் பிடிவாதம் எனக்கு அர்த்தமாயிற்று. இந்த ஸ்டூவில் கேரட் போடலாமா கூடாதா என்று அங்கே ஒரு தீராத வழக்கு உண்டு. பார்லி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த அம்மாள் கேரட் எதிர்க்கட்சி. "கேரட் போட்டால் இனிப்பு வந்துவிடும். அப்புறம் கறி எங்கே, கிழங்கு எங்கே?" என்பார். எனக்குக் கற்றுக்கொடுத்தது அவர்தான்.

அவர் கணவர் இறந்தபோது வீடு நிறைய உறவினர்கள் வந்துவிட்டார்கள். நம்ம ஊர் மாதிரியே அங்கேயும் இழவு வீட்டுக்கு அக்கம்பக்கத்தார்தான் சாப்பாடு கொண்டுபோவார்கள். என் மனைவியின் பிரியாணிக்குத் தெருவிலேயே பேர் உண்டு. ஆனால் மேற்குக் கரையிலிருந்து வந்திருந்த கிழவர்களுக்கு அன்றைக்கு அது ஆகுமா? நான் ஸ்டூ வைத்தேன். இஞ்சி ஒரு துண்டு தட்டிப் போட்டால் என்ன என்று கை பரபரத்தது உண்மை. போடவில்லை. அவர்கள் துக்கத்துக்கு அவர்கள் ருசிதான் வேண்டும். மேயோ மாவட்டத்தில் ஆடு வளர்க்கிற ஒரு பெரியவர் இரண்டாம் தட்டு வாங்கிக்கொண்டு, "யார் செய்தது?" என்று கேட்டார். அந்த அம்மாள் அழுத கண்ணோடு, "அடுத்த வீட்டு இந்தியர். கேரட் போடாதவர்" என்றார். எனக்கு இதுவரை யாரும் கொடுத்த சான்றிதழ்களில் அதுதான் பெரிது. நம்ம கல்லூரி கொடுத்ததையும் சேர்த்துத்தான் சொல்றேன். (சிரிப்பு, கைதட்டல்)

சரி, செய்முறைக்கு வருவோம். ஆறு பேருக்குக் கறி ஒண்ணேகால் கிலோ. கழுத்தும் முன்னங்கால் சந்தும் எலும்போடு வாங்க வேண்டும். எலும்பில்லாத தொடைக்கறி வேண்டாம். ருசி எலும்பில்தான் இருக்கிறது. கிழங்கும் ஒண்ணேகால் கிலோ, பெரிய வெங்காயம் மூன்று. பாதிக் கிழங்கை மெல்லிசாக வட்டம் வட்டமாக நறுக்கிக்கொள்ளுங்கள். இது கரைந்து குழம்பைக் கெட்டியாக்குவதற்கு. அதனால் வெந்தால் மாவாக உதிர்கிற ஜாதியாக இருக்கவேண்டும். அங்கே ரூஸ்டர் என்று சிவப்புத் தோல் கிழங்கு, எந்தக் கடையிலும் கிடைக்கும். மீதிக் கிழங்கை இரண்டாக வெட்டி, தண்ணீரில் போட்டுத் தனியாக வையுங்கள்.

கனமான பாத்திரத்தில் அடியில் மெல்லிசுக் கிழங்கு, அதன்மேல் வெங்காயம், அதன்மேல் கறி. உப்பு, மிளகுத்தூள், தைம் கிடைத்தால் ஒரு கொத்து. கறி மூழ்குகிற அளவு, சுமார் ஒரு லிட்டர், தண்ணீர் ஊற்றி அடுப்பில் வையுங்கள். கொதி வருகிறபோது மேலே வரும் நுரையைக் கரண்டியால் வழித்துப் போட்டுவிட்டு, தீயை முடிந்த மட்டும் சின்னதாக்குங்கள். பாத்திரம் 'குபுகுபு' என்று சத்தம் போடக்கூடாது. எப்போதாவது ஒரு குமிழி வந்தால் போதும். தளதளவென்று கொதித்தால் தசைநார் இறுகிக் கறி சக்கையாகும். மெதுவாக வைத்தால் எலும்பை ஒட்டிய சவ்வெல்லாம் கரைந்து ஜெலட்டினாகி, உதட்டில் ஒட்டுகிற பதம் வரும். ஒரு மணி நேரம் கழித்து வெட்டி வைத்த கிழங்கை மேலே அடுக்கி மூடுங்கள். இன்னும் முக்கால் மணி. கிழவாடாக இருந்தால் கிழங்கு போடுவதை ஒரு மணி தள்ளிப்போடுங்கள். இறக்கும்போது பார்ஸ்லி தழையை நறுக்கித் தூவ வேண்டியதுதான்.

குக்கரில் வைக்கலாமா என்று ஒரு சகோதரி சீட்டு அனுப்பியிருக்கிறார். கறியை மட்டும் வைக்கலாம் அம்மா. கிழங்கையும் சேர்த்து விசில் விட்டால் கஞ்சிதான் கிடைக்கும். இங்கே வெள்ளாட்டுக் கறியில் செய்தாலும் நன்றாகத்தான் வரும். கொழுப்பு குறைவு, நேரம் கூடுதல். கொத்தமல்லித் தழை போட்டால் யாரும் வழக்குப் போடமாட்டார்கள், ஆனால் அதற்கு வேறு பெயர் வைத்துவிடுங்கள்.

செம்மறிக் கொழுப்பு சீக்கிரம் உறைந்து மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஆகவே தட்டை வெந்நீரில் சூடாக்கித் துடைத்துவிட்டுப் பரிமாறுங்கள். கொழுப்பே வேண்டாம் என்பவர்கள் முதல் நாளே செய்து குளிர்பெட்டியில் வைத்தால், காலையில் வெள்ளையாக உறைந்திருப்பதை ஸ்பூனால் எடுத்துவிடலாம். நம்ம மீன் குழம்பு மாதிரி இதற்கும் மறுநாள் ருசி அதிகம்.

சைவ நண்பர்கள் மன்னிக்க வேண்டும். அடுத்த வருஷம் கூப்பிட்டால் சோடா மாவு போட்டுச் சுடும் ஐரிஷ் ரொட்டியைப் பற்றிப் பேசுகிறேன். பந்தியில் இலை போட்டாயிற்று என்று செயலாளர் கைகாட்டுகிறார்.