எறிவதற்கென்று அச்சிட்டவை: பழைய பேஸ்பால் அட்டைகளும் சேகரிப்பாளர் கடமையும்



ஓலைச்சுவடி, கல்வெட்டு, அகராதி எனக் கேட்டுப் பழகிய இம்மேடையில், அமெரிக்க விளையாட்டு அட்டைகளைப் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்பது உங்களுட் சிலர்க்கு வியப்பளிக்கலாம். ஆயினும், ஓர் அச்சுப்பொருளை எவ்வாறு பெயரிட்டு வகைப்படுத்துவது, அதன் சான்றுத்தன்மை கெடாமல் எவ்வாறு காப்பது என்னும் வினாக்களுக்கு இச்சிறு அட்டைகள் தரும் விடைகள் நம் வகுப்பறைக்கும் பயன்படுவன என்பது என் துணிபு. பேஸ்பால் ஆட்டத்தை ‘அடிபந்தாட்டம்’ எனத் தமிழாக்குவாரும் உளர். அச்சொல் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை ஆதலால், பேஸ்பால் என்றே வழங்குகிறேன். மன்றத்தார் பொறுத்தருள்க.

1880களில் அமெரிக்காவில் சிகரெட் சுற்றும் இயந்திரம் நடைமுறைக்கு வந்தது. கையால் சுற்றிய காலத்தில் அளவாகக் கிடைத்த பொருள், திடீரெனத் தேவைக்கு மிஞ்சிக் குவிந்தது. ஏறத்தாழ ஒரே பொருளை விற்ற நிறுவனங்கள், தத்தம் பெட்டியையே வாங்குமாறு மக்களை ஈர்க்க வேண்டியிருந்தது. மென்தாள் உறை நசுங்காமலிருக்க உள்ளே செருகிய தடித்த அட்டை அதற்கு வழிகாட்டியது. நடிகையர், பறவைகள், நாட்டுக் கொடிகள், விளையாட்டு வீரர்கள் என அதில் படங்களை அச்சிட்டனர். வரிசை முழுவதையும் சேர்க்க விழைந்தவர் அதே சிகரெட்டை மீண்டும் மீண்டும் வாங்கினார். 1890இல் ஜேம்ஸ் டியூக் என்பார் முதன்மையான ஐந்து நிறுவனங்களை ஒன்றிணைத்து அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியை அமைத்தார். போட்டி ஒடுங்கவே, போட்டிக்காகப் பிறந்த அட்டையும் மெல்ல மறைந்தது. 1909இல் அக்கூட்டு நிறுவனமே அட்டைகளை மீண்டும் வெளியிடத் தொடங்கியது. 1911இல் அந்நிறுவனத்தைப் பிரித்துவிடுமாறு அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1909 முதல் 1911 வரை வெளிவந்த வரிசையே இன்று சேகரிப்பாளர் உலகில் ‘டி206’ என்று வழங்குகிறது.

அவ்வட்டை எத்தகையது? அகலம் ஒன்றரை அங்குலத்திற்குச் சற்றுக் குறைவு. உயரம் இரண்டரை அங்குலத்திற்குச் சற்று மிகுதி. உள்ளங்கைக்குள் மறைந்துவிடும். முன்புறத்தில் வெள்ளை ஓரம் சூழ்ந்த வண்ணப்படம். கீழே ஆட்டக்காரரின் குடும்பப் பெயரும் அவர் ஆடிய ஊரும். பின்புறத்தில் சிகரெட்டின் விளம்பரம். பீட்மான்ட், சுவீட் கேப்போரல் முதலிய பதினாறு வணிகப் பெயர்கள் பின்புறங்களில் காணப்படுகின்றன. வரிசையிலுள்ள அட்டைகள் ஐந்நூற்று இருபதுக்கும் மேற்பட்டவை. புகழ்பெற்ற டை காப் என்பாருக்கு மட்டும் நான்கு வெவ்வேறு படங்கள். புகழ் பெறாத சிற்றூர் அணியினர் பலருக்கும் இதில் இடமுண்டு. அவர்களிற் சிலருக்கு இத்துண்டுத் தாளையன்றி வேறு வண்ணப்படம் எஞ்சியிருக்குமா என்பது ஐயமே.

கல்லச்சு முறையில், ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து இவற்றை உருவாக்கினர். உருப்பெருக்கியின்கீழ் வைத்தால் அந்நிறங்கள் படிந்த விதம் தெரியும். பிற்கால இயந்திர மறுபதிப்பிலோ ஒழுங்கான புள்ளிக் கோலமே தென்படும். பழையதையும் போலியையும் பிரித்தறிய முதலில் இதனையே பார்ப்பர்.

மொழியாசிரியர்கள் சுவைக்கத்தக்க இரண்டு செய்திகளை இங்கே சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். பிலடெல்பியா அணியில் ஷெர்ரி மகீ என்றொருவர் ஆடினார். அவர் பெயரின் எழுத்துக்கூட்டில் ‘இ’ வரவேண்டிய ஓரிடத்தில் ‘ஐ’ என்னும் ஆங்கில எழுத்தைப் பிழையாக அச்சிட்டுவிட்டனர். விரைவில் திருத்தினர். பிழையுடன் வெளிவந்தவை சிலவே ஆதலின், இன்று திருத்திய அட்டையைவிடப் பிழையுள்ள அட்டைக்கே விலை பன்மடங்கு. எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கும் நம் தொழிலுக்கு இது சற்று இடையூறான செய்திதான்! மற்றொன்று, பிட்ஸ்பர்க் நகரின் பெயர். 1891இல் அமெரிக்க அரசின் இடப்பெயர்க் குழு அந்நகரப் பெயரின் இறுதியிலிருந்த ‘எச்’ எழுத்தை நீக்கியது. நகர மக்கள் ஏற்கவில்லை. 1911இல் அவ்வெழுத்து மீண்டது. இவ்வட்டைகளில் ‘எச்’ இல்லாத வடிவமே காணப்படுகிறது. இருபதாண்டுக் காலம் நிலவிய ஓர் எழுத்து வழக்கின் சான்று சிகரெட் பெட்டிக்குள் தங்கியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அந்தப் பிட்ஸ்பர்க் அணியின் ஆட்டக்காரரே ஹோனஸ் வாக்னர். 1874இல் பிறந்தவர், எட்டு முறை தம் லீக்கின் தலைசிறந்த மட்டையாளராக விளங்கியவர், 1936இல் பேஸ்பால் புகழ்மன்றம் முதன்முதலில் தேர்ந்த ஐவருள் ஒருவர். டி206 வரிசையில் அவரது அட்டை அச்சாகத் தொடங்கி விரைவிலேயே நின்றுபோயிற்று. இசைவு பெறுவதற்காக நிறுவனம் பிட்ஸ்பர்க் விளையாட்டுச் செய்தியாளர் ஜான் குரூபரை நாடியது. சிகரெட்டில் தம் படம் வருவதை விரும்பவில்லை என்று வாக்னர் மறுமொழி எழுதினார். இசைவு பெற்றுத் தந்தால் குரூபருக்கு 10 டாலர் கிடைக்கும் என்றிருந்ததால், அவர் இழப்படையாதிருக்க அத்தொகைக்குத் தம் காசோலையையும் இணைத்து அனுப்பினார். 1912இல் ஸ்போர்ட்டிங் நியூஸ் என்னும் இதழ் இதனை வெளியிட்டது. சிறுவர் சிகரெட் வாங்குவதை அவர் வெறுத்தார் என்பர் சிலர். தமக்குரிய ஊதியம் தரப்படாமையே காரணம் என்பர் வேறு சிலர். வாக்னர் புகையிலை மெல்லும் பழக்கமுடையவர் என்பதைப் பின்னவர் சுட்டிக்காட்டுவர். மெல்லும் ஒருவர் பிள்ளைகள் பொருட்டு மறுத்திருக்கக் கூடாதா என்ன? காசோலை அனுப்பிய செயலை நோக்கின், பணமே காரணம் என்னும் விளக்கம் எனக்கு உடன்பாடன்று. எவ்வாறாயினும், இன்று உலகில் அறியப்பட்ட வாக்னர் அட்டைகள் ஏறத்தாழ ஐம்பது, அறுபது மட்டுமே. 2022இல் அவற்றுள் ஒன்று, அதுவும் நன்கு தேய்ந்துபோன ஒன்று, 72 இலட்சத்து 50 ஆயிரம் அமெரிக்க டாலருக்குக் கைமாறியது.

இங்கேதான் நான் சொல்ல வந்த பொருள் தொடங்குகிறது. வாக்னர் அட்டைகளுள் மிகப் புகழ்பெற்ற ஒன்றை, 1991இல் பனி ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய அணி உரிமையாளரும் சேர்ந்து 4 இலட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு ஏலத்தில் எடுத்தனர். அட்டைகளின் நிலையை ஆராய்ந்து பத்துக்கு எத்தனை எனத் தரமிடும் நிறுவனம் ஒன்று அப்போதுதான் தோன்றியிருந்தது. அது முதலாவதாகத் தரமிட்ட அட்டை இதுவே; இட்ட மதிப்பெண் 8. எண்பது ஆண்டு கடந்த அட்டைக்குக் கத்தி போன்ற கூர்மையான ஓரங்கள்! பலரும் ஐயுற்றனர். 2007இல் அது 28 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. 2013இல், முன்பு அதனை விற்ற ஏல வணிகர் ஒருவர், மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அதன் ஓரங்களைத் தாமே வெட்டிச் சீராக்கியதையும் ஏற்றுக்கொண்டார்.

ஓரத்தில் ஓர் இழை தாளை வெட்டினால் என்ன கெட்டுவிடும் என்று மாணவர் கேட்கலாம். அச்சகத்தில் பெரிய தாளிலிருந்து அட்டையை எப்படித் துண்டித்தனர், அது எவ்வளவு காலம் யார் கையில் புழங்கியது, எந்தப் பக்கம் ஒளி பட்டது என்பனவெல்லாம் அந்த ஓரத்திலேயே பதிந்துள்ளன. போலார் பேர் என்பது பொட்டலத்தில் விற்ற துண்டுப் புகையிலை. அதனுடன் வந்த அட்டைகளிற் பலவற்றில் புகையிலைக் கறை படிந்திருக்கும். அழகு கருதி அக்கறையைக் கழுவுவோர் உளர். அந்த அட்டை எவ்வாறு மக்களிடம் வந்து சேர்ந்தது என்பதற்கான சான்றைக் கழுவுகிறோம் என்று அவர்கள் எண்ணுவதில்லை. சுவடியின் ஓரத்தில் ஏட்டாசிரியன் எழுதிய குறிப்பை அழுக்கென்று துடைப்பவரை நாம் என்ன சொல்வோம்?

இவ்வணிகத்துக்கு முற்றிலும் மாறான ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். டி206 என்னும் பெயரை இட்டவரும் அவரே. பெயர் ஜெபர்சன் பர்டிக். 1900இல் நியூயார்க் மாநிலத்துச் சிற்றூரொன்றில் பிறந்து, சிரக்கியூஸ் நகரில் மின்கருவித் தொழிற்சாலையில் பாகங்களை இணைக்கும் வேலை செய்தவர்; மணம் செய்துகொள்ளாதவர்; செல்வர் அல்லர். மூட்டழற்சி நோய் அவர் விரல்களை ஆண்டுதோறும் முடக்கி வந்தது. பேஸ்பால் மீதும் அவருக்குப் பெருநாட்டம் இருந்ததில்லை. பறவை அட்டையும், கொடி அட்டையும், வாழ்த்து அட்டையும், வணிகர் விளம்பர அட்டையும் அவருக்கு ஒன்றே. 1930களின் இறுதியில் அவர் வெளியிட்டுப் பின்னர் விரிவாக்கிய அமெரிக்க அட்டைப் பட்டியலில், இருபதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு ‘டி’, பத்தொன்பதாம் நூற்றாண்டினவற்றுக்கு ‘என்’, தொடக்ககால மிட்டாய் அட்டைகளுக்கு ‘இ’ எனக் குறியெழுத்து அமைத்து, வரிசைதோறும் எண் இட்டார். அதற்குமுன் ஒரு சேகரிப்பாளர் மற்றொருவருக்குக் கடிதம் எழுதினால், தம்மிடமுள்ளது எந்த வரிசை என்பதை விளக்கவே ஒரு பத்தி வேண்டும். ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் அவ்விளக்கத்தை மிகையாக்கின. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டுள்ள இம்மன்றத்தார்க்கு இதன் அருமை நான் சொல்லாமலே விளங்கும்.

1947 முதல் பர்டிக் தம் சேகரிப்பை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்கு வழங்கத் தொடங்கினார். அச்சுப்படத் துறையின் காப்பாளராயிருந்த ஹயட் மேயர் அதனை ஏற்றார். மொத்தம் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுள் பேஸ்பால் அட்டைகள் முப்பதாயிரத்துக்கு மேல். வரிசைப்படுத்தித் தொகுப்பேடுகளில் ஒட்டும் வேலையைப் பர்டிக்கே ஆண்டுக்கணக்கில் செய்தார். ஆம், பசையிட்டு ஒட்டினார். இன்றைய சேகரிப்பாளர் இதைக் கேட்டால் நெஞ்சில் கை வைப்பார். ஒட்டிய அட்டைக்குச் சந்தையில் மதிப்புப் பாதிகூடத் தேறாது. நானும் அம்முறையைப் பரிந்துரைக்க மாட்டேன். அட்டையின் பின்புறம் படிக்க இயலாமற் போவது உண்மையான இழப்பே. எனினும் அவை இனி விற்பனைக்குரியவை அல்ல, ஒருங்கே இருந்து படிக்கத்தக்கவை என்னும் அவருடைய முடிவு அப்பசையில் தெரிகிறது. 1930களில் வாக்னர் அட்டைக்கு 50 டாலர் என மதிப்பிட்டவரும் அவரே. அக்காலத்தில் அதுவே மிக உயர்ந்த விலை. அவருடைய வாக்னர் அட்டையும் அருங்காட்சியகத் தொகுப்பில்தான் உள்ளது. 1963 ஜனவரி 10ஆம் நாள் ஒட்டும் பணி முடிந்தது. மார்ச் மாதம் அவர் காலமானார்.

இத்தனை முழுமையான வரிசையிலும் இல்லாதவர் யார் என்று கேட்பது நம் கடமை. டி206 வரிசையில் கறுப்பின ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லை. பெரிய லீக்குகள் அவர்களுக்குக் கதவடைத்திருந்தன. அட்டை அச்சிட்டோரும் அவ்வெல்லையைத் தாண்டவில்லை. அதே காலத்தில், வாக்னர் ஆடிய அதே களநிலையில், ஜான் ஹென்றி லாயிட் என்னும் கறுப்பின வீரர் ஆடிவந்தார். மக்கள் அவரைக் ‘கறுப்பு வாக்னர்’ என்றே அழைத்தனர். குளிர்காலங்களில் அவர் கியூபா சென்று ஆடியதால், அங்கு வெளியான புகையிலை அட்டைகளில் அவர் முகம் நமக்குக் கிடைக்கிறது. தம் நாட்டின் இவ்வரிசையில் கிடைக்கவில்லை. புகழ்மன்றம் அவரை 1977இல் ஏற்றுக்கொண்டது. அவர் அதற்கு முன்பே மறைந்துவிட்டார்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். வாக்னர் அட்டையின் படத்தை வகுப்பில் காட்டி, விலையைச் சொல்லாமல், கண்ணிற்படுவனவற்றை மட்டும் மாணவர்களை எழுதச் செய்யுங்கள்: எழுத்துக்கூட்டு, ஓரம், நிறம், பின்புறம். அடுத்து லாயிட்டின் கியூப அட்டையைக் காட்டுங்கள். இரண்டையும் ஒரே பட்டியலில் சேர்ப்பதாயின் எந்தத் தலைப்பின்கீழ்ச் சேர்ப்பீர்கள் என்று கேளுங்கள். விடைகளைக் காண எனக்கும் ஆவல் உண்டு.