பிள்ளைகளை விளையாட விடுவோம்

(கடம்பூரில் நடந்த ஊக்குநர், பிரதிநிதிகள் கூட்டத்தில் நாங்கள் பேசியதன் எழுத்து வடிவம்)



கூட்டம் என்றாலே சேமிப்பு, கடன், வட்டி, தவணை என்று பேசித்தான் நமக்குப் பழக்கம். இன்றைக்கு அதையெல்லாம் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறோம். "வேலையத்த பேச்சு"ன்னு நினைக்காதீங்க. இது கடைசியில் நம்ம வீட்டுப் பொம்பளைப் பிள்ளைகளிடம்தான் வந்து நிற்கும்.

காலையில் நீங்கள் வரும்போது வாசலில் அஞ்சு கூழாங்கல் போட்டு வைத்திருந்தோம். யாரையும் எடுக்கச் சொல்லவில்லை. பத்து நிமிஷத்தில் ஐம்பது வயது தாண்டிய அக்காமார் இரண்டு பேர் சேலையைச் சொருகிக்கொண்டு தட்டாங்கல் ஆட உட்கார்ந்துவிட்டார்கள். சுற்றி எட்டுப் பேர் வேடிக்கை. ஒரு அக்கா ஒரு கல்லை மேலே போட்டு, தரையில் கிடந்த நாலையும் ஒரே வாரில் வாரிப் பிடித்ததும் எழுந்த சத்தம் தெருவுக்கே கேட்டது. கடன் கிடைத்த அன்றுகூட அந்தச் சிரிப்பை நாங்கள் பார்த்ததில்லை!

பழைய நினைப்பு நோயா?

நம்ம கடம்பூர் போளி வாசம் அடித்தாலே, சின்ன வயதில் அதை வாங்கித் தந்தவர் ஞாபகம் வந்துவிடுகிறது இல்லையா? அந்த ஏக்கத்தை ஒரு காலத்தில் நோய் என்றே நினைத்தார்கள். 1688-ல் ஜோஹன்னஸ் ஹோஃபர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர், ஊரை விட்டுப் போனவர்கள் ஊர் நினைப்பில் வாடுவதைப் பார்த்து, கிரேக்க மொழியில் 'வீடு திரும்புதல்', 'வலி' என்ற இரண்டு சொல்லைச் சேர்த்து 'நாஸ்டால்ஜியா' என்று பெயர் வைத்தார்.

இப்போது அப்படிச் சொல்வதில்லை. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக உளவியல் ஆய்வாளர்கள், பழைய நினைவுகளை எழுதச் சொல்லிப் படித்துப் பார்த்து 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனம் சோர்ந்திருக்கும்போது, தனிமையாக இருக்கும்போதுதான் இந்த நினைப்பு அதிகம் வருகிறது. அந்த நினைவில் நாம் தனியாக இருப்பதில்லை. வேண்டியவர்களோடு இருக்கிறோம். நினைத்து முடித்ததும் 'நம்மேல் பிரியம் வைத்தவர்கள் இருக்கிறார்கள்' என்ற தெம்பு வருகிறது. ஆக, பழைய நினைப்பு நோய் இல்லை. மனசுக்கு ஒரு சேமிப்புக் கணக்கு மாதிரி. கஷ்டம் வரும்போது எடுத்துக்கொள்கிறோம்.

ஆனால் கணக்கில் போட்டிருந்தால்தானே எடுக்க முடியும்?

ஓரமாக நின்ற அக்கா

காலையில் ஒரு அக்கா மட்டும் சுவர் ஓரமாக நின்றார்கள். "வாங்கக்கா, ஒரு கை ஆடுங்க" என்று கூப்பிட்டோம். "எனக்குத் தெரியாது தாயி. ஏழு வயசுல தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிட்டேன். கட்டையில குச்சி அடுக்கத்தான் தெரியும்" என்றார்கள்.

நம்ம கரிசல் மண் மானாவாரி பூமி. மழை தப்பினால் வெள்ளாமை இல்லை. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பக்கம் பல குடும்பங்களுக்கு அடுப்பு எரிந்தது தீப்பெட்டி வேலையால்தான். அதை நாம் மறக்கக் கூடாது. அதே வேலை நம்மில் பலருடைய பிள்ளைப் பருவத்தை வாங்கிக்கொண்டது. அதையும் மறக்கக் கூடாது.

1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டித் தயாரிப்பில் 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை வைக்கக் கூடாது என்றது. ஆனால் குடும்பத்தோடு சேர்ந்து செய்யும் வேலைக்கு விலக்குக் கொடுத்தது. ஆபீசில் செய்யக் கூடாத வேலையை வீட்டுத் திண்ணையில் செய்யலாம் என்று ஆனது. 1996-ல் உச்ச நீதிமன்றம் சிவகாசி வழக்கில் கண்டிப்பான தீர்ப்புச் சொன்னது. 2016-ல் சட்டத்தைத் திருத்தி, 14 வயதுக்குக் கீழே எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்றார்கள். பள்ளி நேரம் போக சொந்தக் குடும்பத் தொழிலில் உதவலாம். ஆபத்தான தொழிலில் அதுவும் கூடாது.

"எங்க வீட்டுப் பொண்ணுங்க அப்படித்தான்"

அந்த அக்காவிடம், "உங்க மகள் விளையாடுவாளா?" என்று கேட்டோம். "இல்லை. எங்க வீட்டுப் பொண்ணுங்க அடக்கம். எங்க ஆத்தாளும் வெளியே போய் ஆடாது. நானும் ஆடினதில்லை. இப்ப பேத்தியும் அப்படித்தான். ரத்தத்துல வந்தது" என்றார்கள்.

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று நாமும் சொல்கிறோம். உண்மை எவ்வளவு? சுமார் 50 வருஷமாக இரட்டைப் பிள்ளைகளை வைத்து உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2015-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். மனிதருக்கு மனிதர் இருக்கிற வித்தியாசத்தில் சராசரியாகப் பாதி அளவு பிறப்பு வழியாக வருகிறது. மீதிப் பாதி வளர்கிற இடம், பழக்கம், வாழ்க்கை அனுபவத்தால் வருகிறது.

அப்படியானால் கொஞ்சம் யோசிப்போம். ஆச்சிக்குக் காட்டு வேலை. அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸ். மகளுக்குத் திண்ணையில் பெட்டி ஒட்டுகிற வேலை. பேத்திக்கோ, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தண்ணி பிடிக்கணும், பாத்திரம் கழுவணும், தம்பியைப் பார்த்துக்கணும். நாலு தலைமுறையும் விளையாடவில்லை. அது ரத்தத்தில் வந்த அடக்கமா, வேலையில் வந்த அடக்கமா? நேரம் கொடுத்துப் பார்க்காமலே 'குடும்பக் குணம்' என்று பெயர் வைத்துவிடுகிறோம். அதே வீட்டுத் தம்பி மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் யாரும் கேட்பதில்லை. கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர்போன ஊர். அந்தப் பேரில் நம்ம பொண்ணுகளுக்கும் பங்கு வேண்டாமா?

தோற்கவும் படிக்கணும்

விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு இல்லை. பல்லாங்குழியை எடுத்துக்கோங்க. 14 குழி, குழிக்கு 5 என்றால் 70 புளியங்கொட்டை. தோற்றவளை யாரும் எழுப்பி விடுவதில்லை. கையில் இருக்கிற கொட்டைக்கு எத்தனை குழி நிரம்புமோ அத்தனையை நிரப்பி, மீதியைச் சும்மா விட்டு அடுத்த ஆட்டம் ஆடுவாள். கொஞ்சத்தை வைத்து மறுபடி மேலே வரலாம். நம்ம குழுவில் நாம் செய்வதும் அதுதானே!

தாயத்தில் ஒன்று விழாமல் காய் இறங்காது. காத்திருக்கணும். பழமாகப் போகிற நேரத்தில் காய் வெட்டுப்படும். கோபத்தை அடக்கணும். "இவ அவங்க அம்மா மாதிரியே அழுகுணி" என்று முத்திரை குத்தாதீங்க. இன்னும் நாலு ஆட்டம் ஆட விடுங்க. அழுகுணி ஆடினால் அடுத்த தடவை யாரும் சேர்த்துக்க மாட்டார்கள் என்று அவளே கற்றுக்கொள்வாள்.

தீர்மான நோட்டுக்கு மூன்று வரி

ஜூன் 12 உலகக் குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு நாள். அதற்கு முந்தின நாளான ஜூன் 11-ஐ ஐக்கிய நாடுகள் சபை 2024-ல் சர்வதேச விளையாட்டு நாளாக அறிவித்தது. இரண்டு நாளும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது நம்ம ஊருக்கென்றே வைத்தது போல இருக்கிறது.

ஒன்று: ஒவ்வொரு வீட்டிலும் பெண் பிள்ளைக்குச் சாயங்காலம் ஒரு மணி நேரம் விளையாட்டு. அந்த நேரத்தில் அவளை வேலைக்குக் கூப்பிடக் கூடாது.

இரண்டு: மாதம் ஒரு முறை குழுக் கூட்டம் முடிந்ததும் மகள், பேத்திகளோடு அரை மணி நேரம் ஆடுவோம். தெரிந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுப்போம்.

மூன்று: நம்மில் விளையாடாமலே வளர்ந்தவர்களுக்குத்தான் முதல் கை. வயது ஆகிவிட்டது என்று கூச்சப்பட வேண்டாம்.

அந்த அக்காவைக் காலையிலேயே உட்கார வைத்துவிட்டோம். முதல் இரண்டு தடவை கல் கீழே விழுந்தது. மூன்றாவது தடவை பிடித்துவிட்டார்கள். "ஏ, பிடிச்சிட்டேன் பாத்தியா!" என்று பக்கத்தில் இருந்தவரைத் தட்டினார்கள். பேத்திக்குக் காட்டணும் என்று அந்த அஞ்சு கல்லையும் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறார்கள். நாங்கள் திருப்பிக் கேட்கப் போவதில்லை.